ஒன்றரை முழம் நீலத் துணி

"ஒண்ணரை மொழம்ங்க."

சாக்கட்டியும் கையுமாக ருக்மிணி நிமிர்ந்து பார்த்தாள். பதிமூன்று வருஷமாகத் தையல் மேசை முன்னால் நிற்கிறாள். இப்படி ஓர் அளவை அவளிடம் யாரும் சொன்னதில்லை.

மேசைக்கு அந்தப் பக்கம், மழையில் பாதி நனைந்து, ஒரு பிளாஸ்டிக் பையை மார்போடு அணைத்தபடி ஒருவன் நின்றிருந்தான். தலையிலிருந்து இறங்கிய ஒரு சொட்டு அவன் இமை ஓரத்தில் வந்து நின்று, விழலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. அதைத் துடைக்கக்கூடத் தோன்றாமல் அந்தக் கண்கள் அவளையே பார்த்தன.

"என்னது...?"

"பினஃபோர்ங்க. பொண்ணுக்கு. தோள்லேர்ந்து முட்டிக்குக் கீழ ரெண்டு விரல் வரைக்கும்... ஒண்ணரை மொழம். அளந்துட்டுத்தான் வந்தேன்."

கடை முழுக்கச் சிரித்தது. மே மாதத்துச் சனிக்கிழமை சாயங்காலம். ஜூன் ஒன்றாம் தேதி பள்ளிக்கூடம் திறக்கிறது. ஆஸ்டின் டவுனில் பாதிப் பேர் யூனிஃபார்ம் துணியோடு ஓஸ்வால்ட் மாஸ்டரின் தையல் கடையில்தான் நின்றார்கள். ஒவ்வொருவரிடமும் ஒரே பாட்டுதான். வளர்ற புள்ள மாஸ்டர், லூசா விடுங்க... இது மூணு வருஷம் வரணும் மாஸ்டர்... பெரியவன் போட்டதும் சின்னவன் போட்டுக்கணும் மாஸ்டர்...

"ஏம்ப்பா, பூ விக்கிற பழக்கத்துல மொழக் கணக்கு சொல்றியா?" என்று கேட்டாள் லட்சுமம்மா. காய்கறி வண்டிக்காரி. மூன்று பையன்களின் டிராயர் துணியை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். "ருக்மிணி, இவன் ஜோகுபாளையத்துக் கோவில்கிட்ட பூக்கடை போட்டிருக்கான். சிவசங்கரன். ஏனப்பா, பொண்ணைக் கூட்டிட்டு வரலாம்ல? இல்லன்னா அவ அம்மாவை அனுப்பலாம்ல?"

"பொண்ணு ஓசூர்ல அத்தை வீட்டுக்கு லீவுக்குப் போயிருக்கா. போறதுக்கு முன்னாடியே அளந்து வச்சுட்டேன். அவ அம்மா..." அவன் ஒரு நொடி நிறுத்தினான். "அவ இல்லக்கா. நாலு வருஷமாச்சு."

சிரிப்பு சட்டென்று அடங்கியது. தகரக் கூரையில் மழை மட்டும் பேசிக்கொண்டிருந்தது. இமையில் நின்றிருந்த அந்தச் சொட்டு... அப்போதுதான் விழுந்தது.

"இன்னிக்கோட ஆர்டர் க்ளோஸ்," என்றார் ஓஸ்வால்ட் மாஸ்டர், மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து. "பொண்ணு வர்ற வரைக்கும் நிறுத்தி வைக்க முடியாது. ருக்கு, அவர் மொழம் எத்தனை இஞ்சுன்னு அளந்து கணக்குப் போட்டுக்கோ. முடிஞ்சது."

முடிஞ்சதா...? ருக்மிணிக்குக் கன்னம் சுட்டது. குழந்தைகளை அளந்திருக்கிறாள், அவர்களின் அம்மாக்களை அளந்திருக்கிறாள். ஆம்பளைகளுக்கு மாஸ்டர்தான் டேப் பிடிப்பார். அவன் சட்டைக் கையை மடித்துவிட்டு முழங்கையை மேசைமேல் ஊன்றினான். ஈர நாரும் முல்லையும் கலந்து ஒரு வாசம் அவள் பக்கமாக வந்தது.

டேப்பின் முனையை அவன் முழங்கையில் வைத்தாள். விரல் நுனி பட்டும் படாமல். மறுபக்கத்தை அவனே பிடித்துக்கொண்டான். அவள் தலை நிமிரவில்லை. அவன் கையைப் பார்க்கவில்லை, விரலைப் பார்க்கவில்லை. எண்ணை மட்டும் பார்த்தாள்.

பதினாறு. அப்படியென்றால் ஒன்றரை முழம் இருபத்து நாலு. சீட்டில் எழுதினாள்.

"அப்புறம்... ஒண்ணு," என்றான் அவன் தயங்கி. "உள்ள துணி மடிச்சு விடாதீங்க. சரியான அளவுல தைங்க. மிச்சம் இருந்தா ஒரு டிபன் பை தைச்சுக் குடுங்க."

"எல்லாரும் விடச் சொல்றாங்க... நீங்க வேணாங்கறீங்க?"

"அடுத்த வருஷம் பிரிச்சு இறக்குனா கோடு விழும். வெளிய வெளுத்திருக்கும், உள்ள புதுசா இருக்கும். நான் அப்படித்தாங்க போட்டுட்டுப் போனேன். பசங்க என் பின்னாடி வந்து கோட்டை எண்ணுவாங்க. அவ பெரிய ஸ்கூலுக்கு இப்பத்தான் முதல் தடவையா போறா, மூணாங் கிளாஸ். அவளை யாரும் எண்ணக் கூடாது."

பிளாஸ்டிக் பையைப் பிரித்து, நீலத் துணியை இரண்டு கையாலும் எடுத்து மேசைமேல் வைத்தான். பள்ளிக்கூடத்தில் மட்டுமே விற்கிற துணி. வேறெங்கும் கிடைக்காது. அதன் விலை கடையில் இருந்த எல்லாருக்கும் தெரியும் என்பதால் யாரும் கேட்கவில்லை.

* * *

அதற்கப்புறம் அவன் தினமும் வந்தான். காலை வியாபாரம் முடிந்து, சைக்கிளில், பதினோரு மணி வாக்கில்.

"ஆச்சுங்களா?"

"முப்பதாம் தேதின்னு சீட்டுல எழுதியிருக்கே..."

"தெரியும். சும்மா... இந்தப் பக்கமா வந்தேன்."

"ஜோகுபாளையத்துலேர்ந்து மார்க்கெட்டுக்கு இந்தப் பக்கமாவா வழி?"

"மழைக்காலம்ல... ரோடெல்லாம் தண்ணி. சுத்தித்தான் போகணும்."

வெளியே வெயில் பளிச்சென்று அடித்துக்கொண்டிருக்கும். ஓஸ்வால்ட் மாஸ்டர் தொண்டையைக் கனைப்பார்.

இரண்டாம் நாள் கனகாம்பரம் கொண்டு வந்தான். ருக்மிணி தலையை ஆட்டினாள். "வேலைக்கு வர்ற அன்னிக்குப் பூ வைக்கறதில்ல. வெள்ளைச் சட்டையில விழுந்துட்டா கறை போகாது." அவன் முகம் வாடிப்போனது. மூன்றாம் நாள் ஒரு கொத்து தவனத் தழை கொண்டு வந்தான். "இது கறை பண்ணாதுங்க. தேய்ச்சே பார்த்துட்டேன்... என் சட்டையில." காட்டினான். உண்மையிலேயே தேய்த்திருந்தான்.

அன்றைக்கு அவள் ஒரு காலரைத் தலைகீழாக வைத்துத் தைத்தாள்.

துணியை வெட்டுகிற நாளில் மட்டும் அவள் கை நின்றது. இருபத்து நாலு இஞ்ச். கத்தரி வாயைத் திறந்தபடி யோசித்தாள். அவன் சொன்னது சரிதான். அந்தக் கோடு வலிக்கும்... அவளுக்குத் தெரியாதா? ஆனால் கோட்டைவிடப் பெரிய வலியும் அவளுக்குத் தெரியும். சாக்கட்டியை நாலு இஞ்ச் கீழே நகர்த்திக் கோடு போட்டாள். தைக்கும்போது அந்த நாலு இஞ்சையும் உள்பக்கம் மடித்து வைத்து, வெளியே தெரியாமல் மூடிவிட்டாள். டிபன் பைக்குத் துணி மிஞ்சவில்லை.

அடுத்த வருஷம் திட்டினால் திட்டட்டும். அடுத்த வருஷமும் பார்க்கலாம் என்று மனசுக்குள் ஏதோ ஒன்று சொன்னபோது, தனக்குத் தானே வெட்கப்பட்டுக்கொண்டாள்.

* * *

முப்பதாம் தேதி சிவசங்கரன் மகளோடு வந்தான். கிருத்திகாவுக்கு எட்டு வயசு. அப்பாவின் அதே கண்கள், ஆனால் அதில் தயக்கம் கிடையாது. பினஃபோரைத் தலைவழியாக மாட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றாள்.

லட்சுமம்மா பெஞ்சிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

பினஃபோர் முட்டிக்கு ஓர் இஞ்ச் மேலேயே நின்றது.

"அப்பா," என்றாள் கிருத்திகா மெதுவாக, "ஸ்கூல்ல சிஸ்டர் முட்டிக்குக் கீழ இருக்கணும்னு சொன்னாங்க. கேட்லயே பார்ப்பாங்களாம். இல்லன்னா வீட்டுக்கு அனுப்பிடுவாங்களாம்."

சிவசங்கரனின் முகத்திலிருந்து ரத்தம் இறங்கியது. நாளை மறுநாள் பள்ளிக்கூடம். இன்னொரு துணி எடுக்க அவனால் முடியாது. அது அவன் கண்ணில் அப்படியே தெரிந்தது, தெரியக் கூடாது என்று அவன் கண்ணை இறுக்கிய பிறகும்.

"ரெண்டரை மீட்டர் குடுத்தேன்," என்றான். குரல் உயர்ந்தது. "டிபன் பைக்கும் துணி இல்லன்னீங்க. கவுனும் குட்டை. அப்ப துணி எங்கங்க போச்சு? யார் வீட்டுக்குப் போச்சு?"

பதிமூன்று வருஷம். ருக்மிணி ஒரு சாண் துணி எடுத்திருப்பாளா? எல்லாரும் பார்க்கிறார்கள். கண்ணில் முட்டிக்கொண்டு வந்ததை விழுங்கிக்கொண்டு, பினஃபோரைக் கழற்றச் சொல்லி வாங்கினாள். சின்னக் கத்தரியை எடுத்தாள். கீழ் மடிப்பில் ஒரு தையல், இன்னொரு தையல்... பிரித்துக்கொண்டே போனாள். உள்ளிருந்து நாலு இஞ்ச் நீலத் துணி, புதுசாக, மடிப்புக் கலையாமல், அவிழ்ந்து கீழே இறங்கியது.

"இங்கதான் இருக்கு உங்க துணி," என்றாள். "எங்கயும் போகல."

அவன் அந்தத் துணியைத் தொட்டுப் பார்த்தான்.

"உள்ள விட வேணாம்னு சொன்னேனே..."

"சொன்னீங்க. நான்தான் கேக்கல."

ஒரு இஞ்சை மட்டும் மடித்து, நூலை நீளமாக ஓட்டிப் பிடித்துக் குழந்தைக்குப் போட்டுப் பார்த்தாள். முட்டிக்குக் கீழே இரண்டு விரல். அளவு சரியாக இருந்தது.

"அப்ப தப்பு எங்க?" என்று மாஸ்டர் சீட்டை எடுத்துப் பார்த்தார். "மொழம் பதினாறுன்னு இருக்கு. மிஸ்டர், கையை நீட்டுங்க." டேப்பை அவரே வைத்தார். "பதினெட்டு! ருக்கு, என்னம்மா இது?"

கிருத்திகா கலகலவென்று சிரித்தாள். "அப்பா, நீங்க பூ அளக்கற மாதிரி பிடிச்சீங்களா? வீட்டுல என்னைக் கதவுல நிக்க வச்சுக் கையை நல்லா நீட்டி அளந்தீங்க. கடையில பூவுக்கு இப்படில்ல பிடிப்பீங்க..." விரலின் நடுக் கணுவில் டேப்பைக் கிள்ளிக் காட்டினாள். ரெண்டு இஞ்ச் அங்கேயே காணாமல் போனது.

"அய்யய்யோ!" லட்சுமம்மா பெஞ்சிலிருந்து எழுந்தே விட்டாள். "பத்து வருஷமா என் தலையில ரெண்டு ரெண்டு இஞ்சா அடிச்சிருக்கியே! சாமிக்கும் அந்த மொழம்தானாப்பா?"

கடை வெடித்துச் சிரித்தது. ருக்மிணிக்கும் சிரிப்பு வந்தது. அந்த நாளில் தான் ஒரு தடவை நிமிர்ந்து அவன் விரலைப் பார்த்திருந்தால்...! வெட்கம் பிடுங்கித் தின்றதில் தப்பான அளவை எழுதியது அவளும்தானே. அதைச் சொல்ல அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் சிரிக்கவில்லை.

"அப்ப... அன்னிக்கே முடிவு பண்ணிட்டீங்க," என்றான் தாழ்ந்த குரலில். "அடுத்த வருஷம் இவனால வாங்க முடியாதுன்னு."

"நான் அப்படி..."

"தெரியுதுங்க."

தையல் கூலியை மேசைமேல் வைத்தான். பினஃபோரை மடித்துப் பையில் போட்டான். "இருங்க, அது சும்மா ஓட்டின நூல், இன்னும் தைக்கல," என்று அவள் சொல்வதற்குள் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு மழையில் இறங்கிவிட்டான்.

* * *

ஞாயிற்றுக்கிழமையும் கடை திறந்திருந்தது. பதினோரு மணி வந்தது, போனது. ருக்மிணி ஊசியில் நூல் கோக்கிற சாக்கில் மூன்று தடவை வாசலைப் பார்த்தாள்.

வரட்டுமே... திருட்டுப் பட்டம் கட்டினவர் அவர். நான் ஏன் பார்க்கணும்?

"அந்த ஓட்டுத் தையல் நாளைக்கு மழையில தாங்காது," என்றார் மாஸ்டர், யாரிடமோ சொல்வதுபோல. "கேட்ல நிக்கும்போதே அவிழ்ந்துடும்."

"அவங்க தேடி வந்தா தைச்சுக் குடுப்பேன்."

"குடு, குடு. வந்தா குடு."

அன்று முழுக்க அவன் வரவில்லை. ராத்திரி அவளுக்கு வந்தது தூக்கம் அல்ல, ஒரு பினஃபோரின் கீழ் மடிப்புதான். நீலத் துணி அவிழ்ந்து தொங்க, ஒரு சின்னப் பெண் கேட்டருகே தனியாக நிற்பது போல... அந்தப் பெண்ணுக்கு ஒரு தடவை கிருத்திகாவின் முகம் இருந்தது. இன்னொரு தடவை, பதினாலு வயசு ருக்மிணியின் முகம்.

விடிந்ததும் ஊசி, நீல நூல்கண்டு, சின்னக் கத்தரி மூன்றையும் கைக்குட்டையில் முடிந்துகொண்டு கிளம்பிவிட்டாள்.

கோவில் பக்கத்தில் பூக்கடை மூடிக் கிடந்தது. எதிர்ப்பக்கத்துத் தேங்காய்க்கடையில் விசாரித்து, இரண்டாவது சந்தில் அந்த வீட்டைக் கண்டுபிடித்தபோது மணி ஏழு. ஒற்றை அறை. கதவு திறந்திருந்தது. வெள்ளைச் சட்டையும் டையுமாக, கீழே பெட்டிகோட்டோடு கிருத்திகா கட்டிலில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். தரையில் சிவசங்கரன். அவன் மடியில் பினஃபோர்.

அவன் தைத்துக்கொண்டிருந்தான். இல்லை... கட்டிக்கொண்டிருந்தான். பூக்கட்டுகிற வெள்ளை நூலால், ஒவ்வொரு விரல் இடைவெளியிலும் ஒரு முடிச்சு. நீலத் துணியின் ஓரத்தில் வரிசையாக, தடித்தடியாக, அழகாக... பூ மட்டும்தான் இல்லை.

ருக்மிணி வாயைப் பொத்திக்கொண்டாள். ஆனாலும் சிரிப்பு விரலிடுக்கில் தப்பி வந்துவிட்டது.

அவன் திடுக்கிட்டு எழுந்தான். "நீங்க... இங்க..."

"குடுங்க இப்படி."

வாங்கிக்கொண்டு வாசற்படி வெளிச்சத்தில் உட்கார்ந்தாள். முடிச்சு முடிச்சாக அறுத்துவிட்டுத் தைக்க ஆரம்பித்தாள். ஊசி தானாக ஓடியது. கண்தான் அங்குமிங்கும் போனது. கட்டில்மேல் நோட்டுகள். பூ மூட்டை சுற்றி வருகிற பழுப்புத் தாளை நீவி, இஸ்திரி போட்டு, மடிப்புத் தெரியாமல் அட்டை போட்டிருந்தான். பாடப் புத்தகங்களில் வேறொரு குழந்தையின் பெயரை ரப்பரால் அழித்த தடம். புது ஷூ இரண்டு சைஸ் பெரியது. முனையில் செய்தித்தாள் சுருட்டித் திணித்திருந்தது.

"ஷூவுல வளர இடம் விட்டிருக்கீங்களே," என்றாள் நிமிராமல். "பினஃபோருக்கு மட்டும் ஏன் அவ்வளவு கோவம்?"

"ஷூவுக்குள்ள பேப்பர் இருக்கறது வெளிய தெரியாதுங்க." சற்று நிறுத்தினான். "கோடு தெரியும்."

அவள் தையலிடமே பேசுவதுபோலச் சொன்னாள்.

"எனக்கு மூணு கோடு இருந்தது. எண்ணுவாங்க... எனக்கும் அழுகையா வரும். எட்டாவது முடிச்சு லீவு விட்டாங்க. ஒன்பதாவதுக்கு இறக்கலாம்னு அம்மா பிரிச்சுப் பார்த்தாங்க. உள்ள துணியே இல்ல. புதுசு எடுக்க வழியில்ல. அடுத்த மாசம் எடுக்கலாம், அடுத்த மாசம் எடுக்கலாம்னு... அப்படியே நின்னு போச்சு ஸ்கூலு. அதான் யார் வேணாம்னாலும் நான் உள்ள விடுவேன். உங்களைக் குறைவா நினைச்சு விடல."

சிவசங்கரன் சுவரில் சாய்ந்து நின்றிருந்தான். வெளியே தூறல் ஆரம்பித்தது.

"நீங்க நினைச்சிருந்தாலும் தப்பில்லங்க," என்றான். "அடுத்த வருஷம் நிஜமாவே என்னால வாங்க முடியாது. இந்த வருஷமே எப்படி வாங்கினேன்னு எனக்குத்தான் தெரியும். அத்தனை பேர் முன்னாடி உங்களைத் திருடின்னு சொல்லாம சொன்னேனே... அந்த வாயைத் தைக்கணும் நீங்க."

"தைக்கலாம். நூல் மிச்சம் இருக்கு."

அவன் சிரித்துவிட்டான். மூன்று நாள் கழித்து வந்த வெயில் மாதிரி. "உங்க மேல கோவமே இல்லங்க அது. என் கஷ்டம் லட்சுமம்மாவுக்குத் தெரியும், தேங்காய்க்கடைக்குத் தெரியும்... யாருக்குத் தெரிஞ்சாலும் எனக்குக் கூச்சமே இருந்ததில்ல. உங்களுக்குத் தெரிஞ்சுடுச்சேன்னுதான்..."

ஊசி நின்றது. "எனக்குத் தெரிஞ்சா என்ன...?"

"அப்பா! மணி ஏழே முக்கால்!" என்று கத்தினாள் கிருத்திகா.

* * *

பள்ளிக்கூட வாசலில் ஒரே குடைக் கூட்டம். அப்பாக்களும் அம்மாக்களும் கடைசியாக ஒரு தடவை டையைச் சரி செய்தார்கள், பெல்ட்டை இழுத்துவிட்டார்கள், ஷூவில் தெறித்த சேற்றைத் தங்கள் கைக்குட்டையால் துடைத்தார்கள். கேட்டில் ஒரு சிஸ்டர் குடை பிடித்து நின்று ஒவ்வொரு குழந்தையையும் மேலிருந்து கீழே பார்த்தார். ஒரு பெண்ணை ஓரமாக நிற்கச் சொன்னார்.

கிருத்திகாவின் முறை வந்தது. ருக்மிணி மூச்சைப் பிடித்துக்கொண்டாள். பக்கத்தில் நின்றவனும் பிடித்துக்கொண்டது தெரிந்தது. சிஸ்டர் குனிந்தார்... பினஃபோரின் ஓரத்தைப் பார்த்தார்... முதுகில் தட்டி உள்ளே போகச் சொன்னார்.

கிருத்திகா திரும்பிப் பார்த்து இரண்டு கையையும் ஆட்டினாள். ஒன்று அப்பாவுக்கு. இன்னொன்று யாருக்கு என்று கேட்க வேண்டியிருக்கவில்லை.

கூட்டம் கலைந்தது. குடை ஒன்றுதான். அது ருக்மிணியுடையது. இரண்டு பேரும் பாதிப் பாதி நனைந்தார்கள்.

"உங்க வீட்டுல பாதியில நிறுத்தினீங்க," என்றாள் அவள். பார்வை எதிரே ஓடுகிற மழைத் தண்ணீரில் இருந்தது.

"எதை?"

"உங்களுக்கே தெரியும்."

அவன் தலையிலிருந்து தண்ணீர் வழிந்தது. "வருஷா வருஷம் மே மாசம் வந்தா நடுங்கறவன்ங்க நான். பொண்ணு இருக்கா. ஒரு ரூம் வீடு. இதெல்லாம் தெரிஞ்சா ஒருத்தி என்னைப் பிடிக்கும்னு எப்படிச் சொல்லுவா? அதான் உங்ககிட்ட மட்டும் என் கஷ்டத்தை மறைச்சு வச்சு... கொஞ்ச நாளாவது..." முகத்தைத் துடைத்துக்கொண்டான். "எனக்கு உங்களைப் பிடிச்சிருக்குங்க. ரொம்ப. சொல்லிட்டேன். இனி நீங்க கிளம்பிப் போனாலும் சரி."

ருக்மிணி கிளம்பவில்லை. குடைக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றாள். காது மடல்வரை சிவந்தது அவளுக்கே தெரிந்தது.

"எனக்கும் மே மாசம்னா நடுக்கம்தான்," என்றாள் கடைசியில். "பதினாலு வயசுலேர்ந்து... தனியாவே நடுங்கிட்டிருக்கேன்."

"ருக்மிணி..."

முதல் தடவையாகப் பெயரைச் சொன்னான். பின்னால் ஒரு 'ங்க' கூட இல்லாமல்.

"அடுத்த வருஷம் அவளுக்கு வாங்கப் போறப்ப என்னையும் கூட்டிட்டுப் போங்க. துணி, ஷூ, நோட்டு... எல்லாத்துக்கும். ரெண்டு பேர் சம்பாத்தியத்துல வாங்கினா அவ்வளவு பயமா இருக்காது."

"ரெண்டு பேரும் சேர்ந்தா...?" அவன் நம்பாமல் கேட்டான். "வாங்கிட்டு... அப்புறம்?"

"அப்புறம் என்ன..." அவள் இப்போதுதான் நிமிர்ந்து, நேராக, அவன் கண்ணையே பார்த்தாள். "எல்லாரும் வாங்கிட்டு எங்க போவாங்களோ அங்கதான். வீட்டுக்கு. எங்கம்மாகிட்ட நான் சொல்லிக்கறேன்."

எந்த வீட்டுக்கு என்று அவன் கேட்கவில்லை. அவள் கையிலிருந்து குடையை மெல்ல வாங்கி, அவள் பக்கமாகச் சாய்த்துப் பிடித்தான்.